லைக் எதற்கு? என்கொயரி எங்கே?

அம்பர்நாத் ஆனந்த் நகர் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு கெமிக்கல் ஃபேக்டரிக்குள் போய், "சேட், உங்கள் கம்பெனிக்கு இன்ஸ்டாகிராம் பேஜ் நடத்தித் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கட்டிங் சாய் வரும். வேலை வராது. அவர் விற்பது நீல டிரம்மில் அடைத்த சரக்கு. அதை ரீல்ஸ் பார்த்து யாரும் வாங்கப் போவதில்லை என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.

அதே சேட்டிடம் இப்படிச் சொல்லுங்கள்: "உங்கள் புராடக்ட் பெயரை கூகுளில் போட்டுப் பார்த்தேன். குஜராத் வாபி கம்பெனி முதலில் வருகிறது, நீங்கள் கண்ணிலேயே படவில்லை. வெப்சைட்டில் இருக்கிற லேண்ட்லைனுக்கு அடித்தேன், லைன் செத்துக் கிடக்கிறது." உட்கார நாற்காலி வரும்.

முதல் ஆள் போஸ்டர் போடத் தெரிந்தவர். இரண்டாவது ஆள் பிளான் போடத் தெரிந்தவர். கேன்வாவில் போஸ்டர் போடுகிறவர்கள் மும்பை சென்ட்ரல் லைனில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இருக்கிறார்கள். இப்போது ஏஐயும் அந்த வேலையை ஓசியில் செய்து கொடுக்கிறது. அந்தக் கூட்டத்தில் போய் நின்றால் உங்கள் சம்பளத்தை அடுத்தவன் நிர்ணயிப்பான். யார் வாங்குகிறார், எங்கே தேடுகிறார், ஒரு என்கொயரிக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்கிற ஆளுக்குத்தான் இன்னும் தட்டுப்பாடு.

அம்பர்நாத்தில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. தாராவியிலும் செம்பூரிலும் இடம் போதாமல் லைனில் மேலே மேலே வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், காலையில் எழுந்து தாதரில் மாறி லோயர் பரேல், அந்தேரி என்று ஏஜென்சி தேடி ஓடுகிறார்கள். ஷேர் ஆட்டோ தூரத்தில் ஒரு தொழில் ஊரே கிடக்கிறது. 1919-இல் தொடங்கிய தரம்சி மொரார்ஜி கெமிக்கல் கம்பெனி இங்கேதான் தன் ஃபேக்டரியைக் கட்டியது. விம்கோ தீப்பெட்டி ஆலை, ஆர்டினன்ஸ் ஃபேக்டரி என்று அந்த வரிசை நீண்டது. இன்று எம்.ஐ.டி.சி. பிளாட்களில் இருக்கும் சின்ன, நடுத்தர யூனிட்களில் மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட் என்று தனியாக எதுவும் பெரும்பாலும் இருக்காது. சேட், அவர் மகன், ஒரு சேல்ஸ் ஆள், ஒரு அக்கவுண்டன்ட். அவ்வளவுதான். அந்தேரி ஏஜென்சி இங்கே வராது, வந்தாலும் அதன் ரேட் இவர்களுக்குக் கட்டாது. போட்டி குறைவான இடம் இது. நுழையுங்கள்.

எப்படி நுழைவது என்று பார்ப்போம்.

1. முதலில் வாங்குகிறவரைக் கண்டுபிடியுங்கள்

'எந்த பிளாட்ஃபார்ம்?' என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். ஃபேக்டரிச் சரக்கை ஒரே ஆள் வாங்குவதில்லை. க்யூசி லேபில் ஒருவர் சாம்பிளைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டும். பர்ச்சேஸ் மேனேஜர் விலையில் கத்தி வைப்பார். முதலாளி கிரெடிட் எத்தனை நாள் என்று கேட்பார். க்யூசிக்கு டெக்னிக்கல் டேட்டா ஷீட் வேண்டும். பர்ச்சேஸுக்கு பேக்கிங் சைஸும் டெலிவரி எத்தனை நாளில் என்பதும் வேண்டும். முதலாளிக்கு, 'இவர்களிடம் வேறு யார் வாங்குகிறார்கள்?' என்று தெரிய வேண்டும். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே போஸ்ட் போட்டால் மூவருமே பார்க்க மாட்டார்கள்.

இதைத் தெரிந்துகொள்ள மார்க்கெட் ரிசர்ச் ரிப்போர்ட் எதுவும் வாங்க வேண்டாம். டிஸ்பாட்ச் மேசைக்குப் போங்கள். ஒரு வருஷத்து டெலிவரி சலான்களைப் புரட்டுங்கள். சரக்கு எந்த ஊருக்குப் போகிறது, எந்த மாதத்தில் கூடுகிறது, யார் ஒரு தடவை வாங்கிவிட்டு நின்றுபோனார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு சேல்ஸ் ஆளிடம், கடைசியாக வந்த பத்து புதுக் கஸ்டமர்கள் எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள். "ரெஃபரன்ஸ்ல வந்தாங்க" என்பார். யாருடைய ரெஃபரன்ஸ் என்று விடாமல் கேளுங்கள். பாதி பிளான் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

சேல்ஸ் ஆளைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். தன் கஸ்டமரை நீங்கள் பிடுங்கிக்கொண்டு போவீர்கள் என்று அவர் பயப்படுவார். உங்கள் மூலம் வரும் என்கொயரியில் அவருக்கு இன்சென்டிவ் உண்டு என்று சேட்டிடம் பேசி வாங்கிக் கொடுங்கள். அடுத்த நாளிலிருந்து உங்களுக்கு அவரே தகவல் தருவார்.

2. பிளான் ஒரே பக்கம்

நாற்பது ஸ்லைடு பிபிடி ஏஜென்சிக்காரர்களின் வியாதி. ஏ4 தாளில், பிரின்ட் எடுத்து, கையில் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: மூன்று மாதத்தில் எத்தனை உருப்படியான என்கொயரி என்ற ஒரு நம்பர். வாங்குகிறவர் யார், எந்த ஊர். அவர் எங்கே தேடுகிறார். அவரிடம் நாம் சொல்லப்போகும் ஒரே விஷயம். யார், எந்தக் கிழமை, என்ன செய்வார். மாதம் எவ்வளவு பணம். கடைசியாக, எது நடக்காவிட்டால் நிறுத்திவிடுவோம்.

அந்தக் கடைசி வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதுகிற ஆளைத்தான் முதலாளி நம்புகிறார். தன் காசு எங்கே நிற்கும் என்று தெரிந்தால்தான் அவர் கை பைக்குள் போகும்.

3. கூகுள் வாசலைச் சுத்தம் செய்யுங்கள்

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. பிளாட் நம்பர், சரியான கேட்டகரி, வேலை நேரம், வார லீவு எந்த நாள், லாரி எந்த கேட் வழியாக நுழைய வேண்டும் என்பதற்கு ஒரு போட்டோ. எம்.ஐ.டி.சி. ரோட்டில் வழி தெரியாமல் சுற்றிய டிரைவருக்கு அந்த ஒரு போட்டோவின் அருமை தெரியும்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நடுவில் 'ஈ' போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, 'ஏ' போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. வெப்சைட்டில் இரண்டும் வர வேண்டும். ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் நம்பி எஸ்இஓ செய்தால், 1060-இல் கட்டிய சிவன் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள்தான் வருவார்கள். சரக்கின் பெயரும் சேர வேண்டும்.

ரிவ்யூவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஆன்லைன் ரிவ்யூவுக்கென்றே 2022-இல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிர்ணயம் வந்திருக்கிறது. கட்டாயம் இல்லைதான். ஆனால் போலி ரிவ்யூவைக் கண்டுபிடிக்க அரசாங்கம் தேவையில்லை. ஒரே வாரத்தில் முப்பது பேர் ஐந்து ஸ்டார் போட்டு 'நைஸ் கம்பெனி' என்று எழுதியிருந்தால் பர்ச்சேஸ் மேனேஜர் சிரித்துவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்.

4. சரக்குக்கு ஒரு பக்கம்

'அபவுட் அஸ்'ஸில் சேட்டின் தாத்தா கதை இரண்டு பக்கம் இருக்கும். புராடக்ட் லிஸ்ட் மட்டும் ஒரு மங்கலான ஜேபெக்காகக் கிடக்கும். கூகுளுக்கு அந்தப் படத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை.

கெமிக்கல் வாங்குகிறவர் அதன் பெயரைவிட கேஸ் (CAS) நம்பரைப் போட்டுத் தேடுவார். ஒரே கெமிக்கலுக்குப் பத்துப் பெயர் இருக்கும், கேஸ் நம்பர் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பக்கம்: பெயர், கேஸ் நம்பர், ப்யூரிட்டி, பேக்கிங், எச்எஸ்என் கோடு, எதற்குப் பயன்படும், டவுன்லோடு செய்ய டேட்டா ஷீட்டும் சேஃப்டி ஷீட்டும், கீழே வாட்ஸ்அப் பட்டன். இன்ஜினியரிங் யூனிட் என்றால் மெஷின் லிஸ்ட், எந்த கிரேடு மெட்டீரியல், எவ்வளவு டாலரன்ஸ் பிடிக்க முடியும், எந்த சைஸ் வரை ஜாப் ஏறும்.

இந்த விவரங்களை ஏஐயிடம் கேட்டால் அழகாக எழுதிக் கொடுக்கும், பாதி தப்பாக இருக்கும். லேபில் இருக்கிற கெமிஸ்ட்டிடம் உட்கார்ந்து எழுதுங்கள். பிறகு மொழியைத் திருத்த வேண்டுமானால் ஏஐயிடம் கொடுங்கள். கெமிஸ்ட் 'பிஸி' என்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பிடியுங்கள்.

5. முதல் பதில் யாருடையது?

இண்டியாமார்ட்டில் வருகிற என்கொயரி உங்களுக்கு மட்டும் வருவதில்லை. வேறு சப்ளையர்களுக்கும் போகும். யார் முதலில் போன் அடிக்கிறாரோ அவரிடம்தான் பேச்சு ஆரம்பிக்கும். விலை குறைவாக வைத்திருந்தும் மாலை ஆறு மணிக்கு மெயில் பார்த்துத் தோற்கிற கம்பெனிகள் ஏராளம். விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் போடுவதற்கு முன்னால் இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் குயிக் ரிப்ளை நாலைந்து தயாராக வையுங்கள்: எந்த கிரேடு, எவ்வளவு குவான்டிட்டி, எந்த ஊர் டெலிவரி, ஜிஎஸ்டி நம்பர். இந்த நான்கு கேள்விக்குப் பதில் சொல்லாதவர் வாங்க வந்தவர் அல்ல. புரொஜெக்ட்டுக்காக நூறு கிராம் கேட்கும் மாணவராக இருக்கலாம். உங்கள் விலையை நோட்டம் பார்க்கும் போட்டிக் கம்பெனியாகவும் இருக்கலாம். இரண்டாவது ரகம் நிறைய உண்டு. நீங்களும் அதைச் செய்வீர்கள், செய்யத்தான் வேண்டும்.

6. உங்கள் தமிழ் இங்கே காசு

ரெஸ்யூமேயில் 'லாங்குவேஜஸ் நோன்: தமிழ், மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ்' என்று கடைசி வரியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறீர்கள். அதை மேலே கொண்டு வாருங்கள். ஏனென்று சொல்கிறேன்.

அம்பர்நாத் பக்கம் தயாராகும் டெக்ஸ்டைல் கெமிக்கலுக்கு திருப்பூர், ஈரோடு, கரூர் பெரிய மார்க்கெட். லெதர் கெமிக்கல் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. அங்கே இருக்கிற டையிங் மாஸ்டரிடமும் டேனரி முதலாளியிடமும் ஹிந்தியில் தடுமாறிப் பேசுகிற சேல்ஸ் ஆளுக்கும், "அண்ணா, வணக்கம், அம்பர்நாத்துல இருந்து பேசறேன்" என்று ஆரம்பிக்கிற உங்களுக்கும் கிடைக்கிற காது வேறு. தமிழில் ஒரு புராடக்ட் வீடியோ, தமிழில் ஒரு பக்க யூசேஜ் குறிப்பு, தமிழில் வாட்ஸ்அப் ஃபாலோ-அப். அந்தேரி ஏஜென்சியால் இதைச் செய்ய முடியாது. வாபி போட்டிக் கம்பெனியும் இதற்கு ஆள் தேடித்தான் ஆக வேண்டும்.

ஆனால் தமிழ் மட்டும் போதாது, அந்த ஊர்ப் பிரச்சினை தெரிய வேண்டும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு அங்கே கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத்தான் தொழில் செய்ய வேண்டும். ஆகவே 'எங்கள் சரக்கு விலை குறைவு' என்ற போஸ்டர் அங்கே எடுபடாது. இந்தக் கெமிக்கல் போட்டால் சுத்திகரிப்பு பிளான்ட்டில் லோடு கூடுமா, குறையுமா? எக்ஸ்போர்ட் பையர் கேட்கும் இசட்டிஎச்சி லிஸ்ட்டில் இது பாஸாகுமா? இவற்றுக்குப் பதில் சொல்கிற இரண்டு நிமிட வீடியோ, நூறு தீபாவளி வாழ்த்து போஸ்டருக்குச் சமம். டேனரிக்காரர்களுக்கு இதே மாதிரி லெதர் வொர்க்கிங் குரூப் ஆடிட். அந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரே போன் காலில் உங்களை 'விஷயம் தெரிஞ்ச பையன்', 'விவரமான பொண்ணு' என்று எடுத்துக்கொள்வார்கள்.

லிங்க்ட்இன் இந்த வேலைக்குத்தான். ஃபேக்டரிச் சரக்கை வாங்குகிற ஊர்களின் பர்ச்சேஸ் ஹெட், டெக்னிக்கல் மேனேஜர் பெயர்களைத் தேடி கனெக்ட் ஆகுங்கள். முதல் மெசேஜிலேயே கொட்டேஷன் அனுப்பாதீர்கள். அவர் போட்டிருக்கும் போஸ்ட்டில் உருப்படியாக ஒரு கமென்ட் போதும். உங்கள் சொந்தப் புரொஃபைலும் வளரும். கம்பெனி செலவில் உங்கள் பெயரும் நாலு பேருக்குத் தெரிந்தால் தப்பே இல்லை.

7. கடை வியாபாரம் என்றால் கணக்கு வேறு

எல்லோருக்கும் எம்.ஐ.டி.சி. கிடைக்காது. தாராவி லெதர் கடை, மாட்டுங்கா காபித்தூள் கடை, வீட்டில் முறுக்கு சுற்றும் சித்தி இவர்களுக்கும் பிளான் வேண்டும். இங்கே இன்ஸ்டாகிராமுக்கு வேலை உண்டு.

தாராவி லெதர் கடைகளின் ரீல்ஸை வரிசையாகப் பாருங்கள். எல்லாம் ஒரே குரல்: 'ஹோல்சேல் ரேட், ஒரிஜினல் லெதர், நேரில் வாங்க.' எல்லோரும் அதையே சொல்லும்போது வாங்குகிறவருக்கு மிஞ்சுவது பேரம் மட்டுமே. இதே தாராவியின் தோல் தொழிலாளிகளோடு வேலை செய்கிற ஓவியர் சுதீர் ராஜ்பர் வேறு வழியில் போனார். 2015-இல் மஹாராஷ்டிராவில் மாட்டிறைச்சித் தடை வந்து தோல் வேலை அடிபட்டது. அவர் மறுசுழற்சி ரப்பரை எடுத்தார். வசைச் சொல்லாக வீசப்பட்ட சாதிப் பெயரையே எடுத்து 'சமார் ஸ்டூடியோ' என்று பிராண்டுக்கு வைத்தார். பைகளில் ஆரம்பித்தது நாற்காலி வரை போனது. 2024 டிசம்பரில் டிசைன் மயாமி கண்காட்சியில் அந்த நாற்காலியில் பாடகி ரிஹானா உட்கார்ந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ரிஹானா அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பெயரையும் அதன் பின்னால் இருக்கிற காரணத்தையும் அடுத்த கடைக்காரன் காப்பி அடிக்க முடியாது. டிஸ்கவுன்டை மறுநாளே காப்பி அடிப்பான்.

இன்னொரு பாடம் 2025 ஜூனில் நடந்தது. மிலன் ஃபேஷன் ஷோவில் பிராடா கம்பெனி கோலாப்பூரி மாதிரிச் செருப்பைக் காட்டியது, பெயரைச் சொல்லவில்லை. 2019-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய செருப்பு அது. ஊரே கொதித்தது. கோலாப்பூரி விற்கும் சில இந்திய ஆன்லைன் பிராண்டுகள் கொதித்ததோடு நிற்கவில்லை. அந்தச் சர்ச்சையையே விளம்பரமாக்கிச் சரக்கைத் தள்ளின. உங்கள் மாதாந்திர கன்டென்ட் காலண்டரில் நாலில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். எதிர்பாராதது நடக்கும்போது அன்றைக்கே போடுவதற்கு இடம் வேண்டும்.

சித்தியின் முறுக்குக்கு வாட்ஸ்அப்தான் கடை. ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் சித்தியின் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே மெசேஜ் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு சீட்டு: 'இந்த நம்பரை சேவ் செய்யுங்கள், அடுத்த ஆர்டருக்கு நூறு கிராம் கூடுதல்.' கூடவே எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர். செம்பூர், மாட்டுங்கா சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் அந்த நம்பரைக் கேட்கிற செகரட்டரி இருக்கலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மூன்று வாரம் முன்பே ஆர்டர் எடுத்து, ஒரு தேதியில் நிறுத்திவிடுங்கள். 'ஆர்டர் முடிந்தது' என்ற ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் அடுத்த பண்டிகைக்கு முந்திக்கொள்வார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 1940-லிருந்து இருக்கும் மாட்டுங்கா கஃபே மெட்ராஸ் வாசலில் ஞாயிறு காலை நிற்கிற வரிசையை எந்த ரீல்ஸும் உண்டாக்கவில்லை. ருசி உண்டாக்கியது. சரக்கு சரியில்லாத கடைக்கு மார்க்கெட்டிங் வேலைக்குப் போகாதீர்கள். கெட்ட பெயர் உங்கள் போர்ட்ஃபோலியோவில்தான் ஒட்டும்.

8. கணக்குப் பேசுங்கள்

முதலாளியிடம் 'ரீச்', 'இம்ப்ரெஷன்' என்று பேசினால் அவர் மனசுக்குள் உங்கள் சம்பளத்தைக் கழிப்பார். இப்படிப் பேசுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு:

கூகுள் விளம்பரத்துக்கு மாதம் ரூ.20,000. வந்த என்கொயரி 50. ஒன்றுக்கு ரூ.400. அதில் உருப்படியானது 20. அப்படியானால் ஒன்றுக்கு ரூ.1,000. ஆர்டர் ஆனது 2. ஒரு ஆர்டரைப் பிடிக்க ஆன செலவு ரூ.10,000. ஆர்டர் மதிப்பு ஒரு லட்சம், மார்ஜின் பத்து சதவீதம் என்றால் முதல் ஆர்டரில் லாபம் பூஜ்யம்.

இங்கே பலர் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இரண்டாவது தாளை எடுங்கள். இதே கஸ்டமர் வருஷத்தில் நாலு தடவை வாங்கினால்? மீதி மூன்று ஆர்டரின் மார்ஜின் ரூ.30,000 முழுக்க லாபம். ஆகவே அடுத்த மாத வேலை புது என்கொயரி இல்லை, பழைய கஸ்டமரிடம் ரிப்பீட் ஆர்டர் வாங்குவது. இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டிய ஆளை எந்தச் சேட்டும் சீக்கிரம் விடமாட்டார்.

ஒரு சின்ன விஷயம், அக்கவுண்டன்ட் உங்களை வாழ்த்துவார். கூகுள், மெட்டா விளம்பர பில்லில் 18% ஜிஎஸ்டி உண்டு. ஆட் அக்கவுண்ட்டில் கம்பெனியின் ஜிஎஸ்டி நம்பரைப் போடாவிட்டால் ரூ.20,000-க்கு ரூ.3,600 இன்புட் கிரெடிட் போச்சு. முதல் நாளே போடுங்கள். சேட்டின் மகனுடைய சொந்த கிரெடிட் கார்டில் ஓட்டாதீர்கள்.

9. வாடகை வீட்டுக்கு மார்பிள் போடாதீர்கள்

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 ஆப்களுக்கு அரசு தடை போட்டது. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் மறுநாள் பூஜ்யத்தில் எழுந்தார்கள். சில நாளில் ரீல்ஸ் வந்தது, மறுபடி முதலிலிருந்து. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் போல ஒரேயடியாகப் படுத்தன. வாட்ஸ்அப்பில் மட்டும் ஆர்டர் வாங்குகிறவர்கள் அன்று வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆப்கள் வாடகை வீடுதான். சொந்த டொமைன், சொந்த மெயில் ஐடி, கஸ்டமர் பெயர், ஊர், நம்பர், என்ன வாங்கினார் என்று ஒரு எக்செல் ஷீட். இவை மூன்றும் கம்பெனியிடம் இருக்க வேண்டும். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். முன்னாள் டிசைனரின் ஜிமெயிலில் இருந்தால், அதை மீட்பதுதான் உங்கள் முதல் வெற்றி. சேட்டுக்கு இதைவிடப் புரிகிற வெற்றி வேறு இல்லை.

10. சட்டத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. யாரோ விற்கிற 'பத்தாயிரம் நம்பர் டேட்டாபேஸை' வாங்கி மெசேஜ் அடிக்கும் காலம் முடிகிறது. சம்மதம் கேட்டு, அதைப் பதிவு செய்து வையுங்கள். இன்ஃப்ளூயன்சருக்குக் காசோ சரக்கோ கொடுத்தால் 'பெய்டு' என்று அவர் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே சொல்லிவிட்டது. பொய் விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டத்தில் பத்து லட்சம் வரை அபராதம் உண்டு. கம்பெனியில் இதைத் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருந்தால், மீட்டிங்கில் உங்கள் பேச்சுக்குத் தனி எடை.

11. கற்பதற்குக் காசு கொட்டாதீர்கள்

கூகுள் ஸ்கில்ஷாப், மெட்டா புளூபிரின்ட், ஹப்ஸ்பாட் அகாடமி மூன்றிலும் அடிப்படைப் பாடங்கள் இலவசம். ஸ்டேஷன் எதிரே இருக்கும் இன்ஸ்டிட்யூட்டில் சேர்வதாக இருந்தால் ஒரு டெமோ கிளாஸ் உட்காருங்கள். பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. டிரெய்னர் இன்னும் அதன் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். படிப்பதை வீட்டிலேயே முடியுங்கள். கல்யாண் தாண்டினால் லோக்கலில் போனைத் தூக்கிப் பிடிக்கக்கூட இடம் இருக்காது.

சர்டிஃபிகேட்டைவிட ஒரு சின்ன வேலையின் ரிசல்ட் பேசும். சித்தியின் முறுக்கையே எடுத்துக்கொண்டு இரண்டு பண்டிகை ஓட்டுங்கள். முன்னால் எத்தனை கிலோ, பிறகு எத்தனை கிலோ. இன்டர்வியூவில் அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கெமிக்கல் சேட்டுக்கும் கிலோக் கணக்கு புரியும்.

12. இன்டர்வியூவும் அதற்குப் பிறகும்

போவதற்கு முன் அந்தக் கம்பெனியை ஒரு வாங்குகிறவர் மாதிரித் தேடிப் பாருங்கள். மூன்று குறை எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் தீர்வு சொல்லுங்கள். மூன்றுக்கும் சொன்னால் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, 'சொல்லி அனுப்புகிறோம்' என்பார்கள். 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒரு மாத கன்டென்ட் காலண்டரை ஓசியில் கேட்கிற ஏஜென்சிகள் உண்டு. இரண்டு நாளுக்குரியதைக் கொடுங்கள். மீதிக்கு ரேட் சொல்லுங்கள். ரேட் சொன்னதற்காகக் கோபிக்கிற இடத்தில் சம்பளமும் தேதிக்கு வராது.

சின்னக் கம்பெனியில் டிசைன், வீடியோ, கூரியர், சில சமயம் டேலி என்ட்ரி எல்லாம் உங்கள் தலையில் விழும். ஒரு வருஷம் செய்யுங்கள், கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆஃபர் லெட்டரில் 'மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' என்று டெசிக்னேஷன் இருக்க வேண்டும். 'ஆஃபீஸ் அசிஸ்டென்ட்' என்று போட்டுவிட்டால் அடுத்த கம்பெனியில் அதற்குரிய சம்பளத்திலிருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும்.

மாதத்தின் முதல் வேலை நாளில், கேட்காமலே ஒரு பக்க ரிப்போர்ட் சேட்டின் மேசையில் இருக்கட்டும். போன மாதம் எத்தனை என்கொயரி, எத்தனை சாம்பிள், எத்தனை ஆர்டர், எவ்வளவு செலவு, எதை நிறுத்தினோம். அதன் நகல் உங்கள் ஃபைலில். கஸ்டமர் பெயர்களை அடித்துவிட்டு நம்பர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டேட்டாவை எடுத்துக்கொண்டு போகிற ஆளை அடுத்த கம்பெனியும் நம்பாது. எம்.ஐ.டி.சி.யில் சேட்டுகள் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், போனில் கேட்டுவிடுவார்கள்.

இன்க்ரிமென்ட் பேச்சை மார்ச்சுக்குத் தள்ளாதீர்கள். மார்ச்சில் எல்லோரும் கேட்பார்கள், முதலாளி வருஷக் கணக்கு முடிக்கிற டென்ஷனில் இருப்பார். நீங்கள் கொண்டுவந்த கஸ்டமர் மூன்றாவது ரிப்பீட் ஆர்டர் போடுகிற வாரத்தைப் பார்த்து, அந்தப் பன்னிரண்டு மாத ரிப்போர்ட் தாள்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.